காத்திருந்த ஒன்பது பேர்!

டெலிபோன் அலறியது.

மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறை. மதியம் இரண்டு மணி. எடுத்தவன் 'பூதக்கண்ணாடி'. மூக்கில் தடித்த கண்ணாடி, பொடி எழுத்துகளில் மேய்கிற தொழில்... பட்டப்பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. நோயாளிகள் விவரமெல்லாம் சேர்த்து வைக்கும் மருத்துவமனை டேட்டாபேஸ் முழுக்க அவன் பொறுப்பு.

"என்னங்க..." மறுமுனையில் மனைவி. அழுகை! "தங்கச்சியை அரெஸ்ட் பண்ணப் போறாங்களாம்! தப்பான ஊசி போட்டு ஆளைக் கொன்னுட்டாளாம்!"

"யாரு சொன்னா?"

"அவளேதான் போன் பண்ணினா. நீங்க அங்கேயேதானே இருக்கீங்க... ஏதாவது பண்ணுங்களேன்!"

ரிசீவரை வைத்தான். 

பண்ணுவதா? பண்ணியதே அவன்தான்!

இரண்டு நாளைக்கு முன்பு. ஏழாம் நம்பர் படுக்கை. காலை 10.46க்கு நர்ஸ் ஒரு ஊசி போட்டாள். நர்ஸ் அவனுடைய மச்சினி. நோயாளிக்கு அந்த மருந்து ஆகாது. ஐந்தே நிமிடத்தில் உயிர் போய்விட்டது.

'ஆகாது என்று 10.43க்கே கம்ப்யூட்டரில் எழுதிவிட்டேன்' என்றார் பெரிய டாக்டர். பதிவிலும் 10.43 என்றே இருந்தது.

'ஸ்கிரீன் அசையாமல் நின்றது. அது சரியான பிறகு பார்த்தேன், எச்சரிக்கையே இல்லை' என்றாள் மச்சினி.

நிர்வாகம் பூதக்கண்ணாடியிடம் ரிப்போர்ட் கேட்டது. அவன் எழுதிக் கொடுத்தது ஒரே வரி. கம்ப்யூட்டரில் ஒரு வேலைக்கு அன்றைய சராசரிக் காத்திருப்பு ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு... கோளாறு எதுவும் இல்லை!

எண் சரி. எழுதிய மனசுதான் சரியில்லை. அந்த ஒரு வரிதான் அவளைப் பொய்க்காரி ஆக்கியது. இரண்டு நாளாக அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லேப்டாப்பை அள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினான்.

மீட்டிங் ஹாலில் மூன்று பேர். பெண் இன்ஸ்பெக்டர், பெரிய டாக்டர், அழுது வீங்கிய முகத்தோடு மச்சினி.

"மேடம்! இவளை விட்டுடுங்க. என் ரிப்போர்ட் பொய்!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "என்ன சார் சொல்றீங்க?"

"சராசரி எடுத்தது ஒரு நாள் முழுக்க நடந்த லட்சம் வேலைக்கு. அதுல நாலு நிமிஷம் நின்னு போனது தெரியவே தெரியாது. தெரியக்கூடாதுன்னுதான் அப்படி எடுத்தேன்!"

"நின்னு போச்சா?"

"10.41லேர்ந்து 10.45 வரைக்கும்." லேப்டாப்பைத் திறந்தான். "நொடிக்கு ஒரு தடவை டேட்டாபேஸ் ஒரு போட்டோ எடுக்கும்னு வச்சுக்குங்க. யாரு வேலை செய்யறாங்க, யாரு காத்திருக்காங்க... அவ்வளவுதான். இதோ பாருங்க. ஒருத்தர் ஒருத்தரா வந்து சேர்ந்து, கடைசியில ஒன்பது பேரு நிக்கறாங்க!"

"அதுல நான் இருக்கேனா மாமா?" மச்சினி எழுந்தாள்.

"இருக்கேம்மா. ஒன்பதாவது ஆளு நீதான். நீ சொன்னது அத்தனையும் நிஜம்."

அவள் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"சரி, காக்க வச்சது யாரு?" இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"அவன் போட்டோவுல இருக்க மாட்டான் மேடம்! மத்தவங்க தொடாதபடி பூட்டைப் போட்டுட்டு சும்மா இருக்கறவனை அது எடுக்காது. ஆனா காத்திருக்கற ஒவ்வொருத்தர் பக்கத்துலயும், 'யாரால'ன்னு ஒரு நம்பர் இருக்கும். ஒன்பது பேருக்கும் ஒரே நம்பர்... 214."

"214 யாரு?"

பூதக்கண்ணாடி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான்.

"நான்தான்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். அவனே தொடர்ந்தான்.

"நோயாளிப் பட்டியலைத் திருத்திட்டிருந்தேன். வீட்டுலேர்ந்து பொண்டாட்டி போன். திரைச்சீலைக்கு என்ன கலர்னு கேட்டா. பாதியிலேயே விட்டுட்டு வராந்தாவுக்குப் போயிட்டேன். நான் முடிக்கிற வரைக்கும் அந்தப் பட்டியலை வேற யாரும் தொட முடியாது. டாக்டர் எழுதின எச்சரிக்கை என் பூட்டுக்குப் பின்னாடி மாட்டி, இவ பார்த்த பிறகுதான் உள்ளே ஏறியிருக்கும். அதான் இவ கண்ணுல படல. அந்த ஆளைக் கொன்னது நான்தான் மேடம்!"

 பெரிய டாக்டர் அவன் தோளைத் தட்டினார்.

"பாவம்ப்பா நீ. ஒத்துக்கிட்டியே, அதுவே பெருசு!"

இன்ஸ்பெக்டர் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சின்ன சந்தேகம். டாக்டரோட எச்சரிக்கை மாட்டிக்கிட்டு நின்னிருந்தா... இந்த ஒன்பது பேருல அவரு எங்கே?"

பூதக்கண்ணாடி குனிந்தான். முதல் ஆள்... இரண்டாவது... ஒன்பதாவது...

இல்லை!

மறுபடி எண்ணினான். இல்லவே இல்லை!

டாக்டர் சிரித்தார். "நொடிக்கு ஒரு போட்டோதானேம்மா! ரெண்டு போட்டோவுக்கு நடுவுல எழுதியிருப்பேன்."

"மத்த நேரமா இருந்தா ஒத்துக்கலாம் டாக்டர்..." பூதக்கண்ணாடி மெதுவாக நிமிர்ந்தான். "கண்ணிமைக்கற நேரத்துல முடியற வேலை போட்டோவுல சிக்காது. ஆனா அந்த நாலு நிமிஷம் எவராலயும் அப்படி முடிச்சிருக்க முடியாது! 10.43க்கு நீங்க எழுதியிருந்தா, 10.45 வரைக்கும் மாட்டிக்கிட்டு நின்னிருக்கணும். ஏறக்குறைய நூத்தி இருபது போட்டோ! ஒண்ணுல கூட நீங்க இல்லையே!"

"பதிவுல 10.43 இருக்கே!" டாக்டரின் குரல் ஏறியது.

"அந்த நேரத்தை நீங்களே டைப் பண்றதுதானே டாக்டர்!"

டாக்டரின் நெற்றியில் வியர்வை.

"எப்போ எழுதினீங்க?" இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆளு செத்த பிறகா?"



"அந்த மருந்து ஆகாதுன்னு செத்தவரோட மகன் முந்தின நாளே சொன்னான்... மறந்துட்டேன்." டாக்டர் முகத்தை மூடிக்கொண்டார். "பதினொண்ணே காலுக்கு எழுதினேன்."

பூதக்கண்ணாடி லேப்டாப்பை மூடினான். கொன்றது அவன் இல்லை! ஆனாலும் நெஞ்சு லேசாகவில்லை.

"ரெண்டு நாள், மாமா..." மச்சினி அவனையே பார்த்தாள். "என் பக்கத்துல உட்கார்ந்து ஆறுதல் சொன்னீங்களே. அப்போ எல்லாம் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா." தலை தாழ்ந்தது. "பயந்துட்டேன். என்னை மன்னிக்கணும்னு கேட்கக்கூட எனக்கு வாய் வரல."

"பொய் ரிப்போர்ட் கொடுத்ததுக்கு நீங்களும் ஸ்டேஷனுக்கு வரணும் சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வர்றேன் மேடம்." மச்சினி பக்கம் திரும்பினான். "அக்காவுக்கு... விஷயம் தெரியுமா?"

"இப்பத்தான் மெசேஜ் போட்டேன். ஆட்டோ பிடிச்சு வந்துட்டிருக்கா."

பூதக்கண்ணாடி வெளிறிப்போய் இன்ஸ்பெக்டரை நெருங்கினான்.

"மேடம்... உங்க லாக்கப் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?"