மூன்று தட்டு

சத்தம் மூன்று மூன்றாக வந்ததைத்தான் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. டக், டக், டக். சற்று ஓய்வு. மறுபடியும் மூன்று. பன்னிரண்டு வருடம் உழைத்த கணினி, வயிற்றைத் திறந்து போட்டபடி மேசையில் கிடந்தது. அதன் காற்றாடி இரைந்து இரைந்து, சூடேறிய தூசியின் வாடையை மூடிய அறைக்குள் பரப்ப, ஜன்னல் திரையின் வழியாக மாலை வெயில் பழுப்பாகக் கசிந்துகொண்டிருந்தது.

“ஹார்ட் டிஸ்க் கடைசி மூச்சு இழுக்குது அண்ணி,” என்றான் கொழுந்தன், கைப்பேசியில். வெளியூரில் கணினிப் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். சொன்ன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். “அதாவது… உள்ள ஊசி தட்டுது. காப்பி முடிஞ்சதும் பழசைக் கழட்டிடுங்க. ஸ்க்ரூ திருப்பத் தெரிஞ்சா போதும், நானே அப்படித்தான் பொழைக்கிறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் அனுப்பிய புது டிஸ்க்கில் காலையிலிருந்து எல்லாம் நகலாகிக்கொண்டிருந்தது. எல்லாம் என்றால், கணவரின் குரல். பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்தவர் அவர். பக்கவாதம் வந்து அந்தக் குரலைப் பறித்த பிறகு, இரண்டு வருடம் மோதிர விரலால் கட்டில் கம்பியில் தட்டித்தான் பேசினார். ஒன்று என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. மூன்று என்றால், வா.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் மூன்று தட்டு கேட்டது. இரண்டு இரவு கண் மூடாதவள், தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு திரும்பிப் படுத்தாள். வெகுநேரம் தட்டினார். அவள் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வீடு அமைதியாக இருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார் என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள், கொழுந்தனிடமும்.

தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் பத்து நிமிடம் நின்று, ஒருவழியாக நகல் முடிந்தது. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினாள். இரண்டு வயர்களை உருவி, நான்கு ஸ்க்ரூவைத் திருகி எடுத்து, பழைய டிஸ்க்கை வெளியே இழுத்தாள். காய்ச்சல்காரரின் நெற்றி போல் சுட்டது. மேசை ஓரத்தில் துண்டை விரித்து அதன்மேல் வைத்தாள்.

புது டிஸ்க்கில் சுற்றுவது, தட்டுவது எதுவும் கிடையாது. கணினி இந்த முறை தட்டல் இல்லாமல் எழுந்தது. ஒரு பதிவைத் திறந்தாள்.

“ஏழாம் பாடம். ஆறு பிறக்கும் இடம்…”

தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கும் அதே குரல். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கேக்குதா தம்பி?”

“கேக்குது அண்ணி.” அவன் குரலும் உடைந்திருந்தது.

டக், டக், டக்.

“என்ன அண்ணி, பழசை இன்னும் கழட்டலையா?”

“கழட்டியாச்சு.”

“வயரு?”

“ரெண்டும்தான். துண்டு மேல கிடக்கு.”

அவன் மிக மெதுவாகச் சொன்னான், “அண்ணி, அந்த ரூமை விட்டு வெளிய வாங்க.”

ஒருமுறை அவர் தட்டியும் போகாமல் இருந்தாயிற்று. இன்னொரு முறை முடியாது. டிஸ்க்கின் பக்கம் குனிந்தாள்.

“நீங்களா?”

டக். டக்.

மூன்றாவதற்குக் காத்திருந்தாள். வரவில்லை.

இல்லை.

ஸ்பீக்கரிலிருந்து கணவரின் குரல், மலையைப் பற்றி, ஊற்றைப் பற்றி, அமைதியாக வாசித்துக்கொண்டே போனது.

“அவர்… அங்க இருக்காரா?”

டக்.

“நல்லா இருக்காரா?”

டக். டக்.

உடனே, அவசரமாக, மூன்று. மறுபடி மூன்று. துண்டு அதிர்ந்தது. மேசை அதிர்ந்தது. மூன்று. மூன்று. மூன்று.

“நிறுத்து!”

டிஸ்க்கின் இரும்பு மூடியில் கடுகளவு ஒரு துளை இருந்தது. பக்கத்தில், இதை மூடாதீர்கள் என்ற எச்சரிக்கை. சத்தம் அதன் வழியாகத்தான் வந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

நின்றது.

கணவரின் குரலும் நின்றது. பாதி வாக்கியத்தில்.

ஸ்பீக்கரில் யாரோ மூச்சை இழுத்தார்கள். நீளமாக. விடவேயில்லை.

விரலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. இழுத்தாள். டிஸ்க்கும் கூடவே வந்தது. தோல் துளைக்குள் இறங்கியிருந்தது.

“அண்ணி? அண்ணி, வெளிய வந்துட்டீங்களா?”

வாய் திறந்தது. சத்தம் எழவில்லை.

நகம் வெளுத்தது. வெளுப்பு விரலைத் தாண்டியது. மணிக்கட்டைத் தாண்டியது. அது போன இடமெல்லாம் தோல் சுருங்கி எலும்போடு ஒட்டியது. இரும்புக்குள்ளே, வெதுவெதுப்பாக, எந்த அவசரமும் இல்லாமல், ஏதோ ஒன்று மடக்கு மடக்காக விழுங்கிக்கொண்டிருந்தது.