மீன் முத்திரைப் பீப்பாய்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அந்தப் பக்கம் கொசு கடிக்கும், இப்படித் தள்ளி உட்காருங்கள். எங்கள் ட்ரெலானி வட்டாரத்தில், லாங்டேல் கரும்புத் தோட்டத்தில் ரம் களவு போன கதை இது. எடுத்தது யாரென்று சொல்லாமல் உங்களை எழுந்து போக விடமாட்டேன்.

ஒரு நாள் காலையில் லாங்டேல் முதலாளியம்மா மிஸ் அடிலெய்ட் தானே காரை ஓட்டிக்கொண்டு, ஓய்வுபெற்ற போலீஸ்காரர் டாக்கின்ஸ் வீட்டுக்கு வந்தாள். அந்தக் குடும்பத்தில் மிச்சம் அவள் ஒருத்திதான். அத்தனை பெரிய மாளிகையில் ஓர் அறையில் மட்டும் விளக்கு எரியும். டாக்கின்ஸ் துவரை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பஸ் டிரைவர் ராய்ஸ்டன். பஸ் ஓடாத வேளையெல்லாம் துப்பறிய வந்துவிடுவான்.

“பழைய பீப்பாய் ஒண்ணு பாதி காலி, டாக்கின்ஸ். ஆவியாக் காத்து குடிச்சது போக இவ்வளவு குறையாது. லியோபோல்டோட வேலைதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள வெளிய போகச் சொல்லிட்டேன்.”

“சொல்லியாச்சுன்னா என்கிட்ட எதுக்கும்மா வந்தீங்க?”

அவள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “தப்பா இருந்துடக் கூடாதுன்னுதான்.”

லியோபோல்ட் அங்கே ரம் காய்ச்சுகிறவர். பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. காய்ச்சும் கொட்டகையை ஒட்டின ஒற்றை அறைதான் அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே வீடு. டாக்கின்ஸ் போனபோது அவர் வாசலில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

கிடங்குக்கு இரண்டு சாவி. ஒன்று லியோபோல்ட் இடுப்பில். இன்னொன்று மாளிகைச் சமையலறை ஆணியில்.

“வெள்ளை ரம் என் கண்ணு முன்னாடி ஆறா ஓடுது,” என்று குமுறினார் லியோபோல்ட். “அத விட்டுட்டு பீப்பாயில வருஷக்கணக்கா ஊறி மரவாசம் அடிக்கிறதத் திருடிக் குடிக்க நான் என்ன துரை மகனா?”

“நல்ல சரக்குன்னு ஆசை வந்திருக்கும், தாத்தா,” என்றான் ராய்ஸ்டன்.

“நான் தாத்தான்னா உன் பஸ்ஸு கொள்ளுத்தாத்தாடா. தள்ளிவிடாம என்னைக்கு ஓடிச்சு?”

டாக்கின்ஸ் கிடங்குக்குள் பீப்பாய்களை விரலால் தட்டிக்கொண்டே நடந்தார். கீழ்வரிசையில் இருந்தவைதான் பழமையானவை, விலை உயர்ந்தவை. எல்லாம் நிறைந்த சத்தம் கொடுத்தன. மேல்வரிசையில் ஒன்று மட்டும் வெறும் சத்தம் கொடுத்தது. பெட்டி போட்டு ஏறினால்தான் அது கைக்கு எட்டும். அதன் முகத்தில் சூட்டுக்கோலால் ஒரு சின்ன மீன் போட்டிருந்தது.

“இது யாரு முத்திரை?”

“எனக்கு முன்னாடி காய்ச்சின ஆப்ரி பென்ட். காய்ச்சல்ல போயிட்டான், பாவம். கல்யாணங்கூடக் கட்டல. கீழ்மூலையிலதான் பொதச்சோம்.”

“அங்க போறதுண்டா?”

“கிறிஸ்மஸுக்கு எல்லாருமாப் போயி, அங்க படுத்திருக்கிறவங்களுக்கு வெள்ளை ரம் ஊத்திட்டு வருவோம். மத்தபடி அவங்க பக்கம் யாரு போவா?”

கீழ்மூலை என்பது கரும்புக்காட்டின் செம்மண் ஓரம். அடிமைக் காலத்துச் சனங்கள் அங்கேதான் படுத்திருக்கிறார்கள். கல் கிடையாது, பெயர் கிடையாது. தலைமாட்டில் சிவப்பு இலைச் செடிகள் மட்டும் நிற்கும். வெட்டுக்காரர்கள் அதைச் சுற்றிக் கரும்பைக்கூட வெட்டாமல் விட்டுவிடுவார்கள்.

மாளிகைச் சமையலறை சமையல்காரி மிஸ் வெரோனாவின் ராஜ்யம். அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவ சபைக்காரி, சாராய வாசனையே ஆகாது. வந்தவர்களுக்குக் கேக் வெட்டி வைத்தாள்.

“கேக்குல ரம் சேக்க மாட்டாங்க,” என்று ராய்ஸ்டன் கிசுகிசுத்தான். “தொண்டையிலயே நிக்கும்.”

“நிக்கட்டும்,” என்றாள் வெரோனா. “அப்பவாவது உன் வாய் கொஞ்சம் மூடியிருக்கும்.”

டாக்கின்ஸ் கதவோரம் பார்த்தார். மாளிகை முற்றம் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக்கல். அங்கே கிடந்த அவளுடைய செருப்பிலோ செம்மண்.

“கீழ்மூலைக்குப் போறதுண்டா, மிஸ் வெரோனா?”

“நான் எதுக்கு அவரு பக்கம் போறேன்?” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தாள்.

டாக்கின்ஸ் கீழ்மூலைக்கு நடந்தார். ஆப்ரியின் தலைமாட்டுச் செடியடியில் மட்டும் சருகு இல்லாமல் கூட்டியிருந்தது. மண்டி போட்டு மண்ணை முகர்ந்து பார்த்தார். தேநீர் வேளைக்கு எல்லோரையும் சாப்பாட்டு அறைக்கு வரச் சொன்னார்.

“குடிக்கிறவன் கைக்கு எட்டுற பீப்பாய விட்டுட்டுப் பெட்டி மேல ஏற மாட்டான்,” என்று நிதானமாக ஆரம்பித்தார். “எடுத்தவங்களுக்கு ரம் வேணாம், ஆப்ரி கையால காய்ச்சினதுதான் வேணும். கீழ்மூலையில நாம ஊத்துறது எல்லாம் வெள்ளை ரம். ஆனா ஆப்ரியோட செடியடி மண்ணுல மட்டும் இன்னைக்கு மரவாசம் அடிக்குது.”

“அப்ப யாரு சார்?” ராய்ஸ்டனால் பொறுக்க முடியவில்லை.

“அங்க எத்தனையோ பேரு படுத்திருக்காங்க. ஊரே மொத்தமா ‘அவங்க’ன்னுதான் சொல்லும். இந்த வீட்டுல ஒருத்தர் மட்டும் ‘அவரு’ன்னாங்க. அவங்க செருப்புலதான் செம்மண்ணும் இருக்கு.”

வெரோனா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அந்த மேசையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

“ஈஸ்டருக்குக் கட்டிக்கிறதா இருந்தோம். அவரு சாராயம் காய்ச்சுறவரு, சபையில ஒத்துக்க மாட்டாங்கன்னு நான்தான் யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னேன். அதுக்குள்ள போயிட்டாரு. அழுதா யாருக்காக அழறேன்னு சொல்றது? அவரு காய்ச்சினத அவருக்கே குடுத்தேன். ஒரு குவளைதான், வருஷக்கணக்கா ஓய்வுநாள் தோறும்.” லியோபோல்ட் பக்கம் திரும்பினாள். “உன்ன வெளிய போகச் சொன்னது எனக்குத் தெரியாது.”

லியோபோல்ட் மூக்கைச் சிந்தினார். “இத்தன நாளா கையில ரம்மு இருந்தும் கேக்குல ஒரு சொட்டு விடலியே வெரோனா. அதுதான் எனக்குக் கோவம்.”

“உன் அறை உனக்குத்தான், லியோபோல்ட்,” என்றாள் அடிலெய்ட். “நான் சொன்னது தப்பு.” அவர் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியை அவிழ்க்கப் போனார். டாக்கின்ஸ் ராய்ஸ்டனைத் தோளில் தட்டி வெளியே கூட்டிப்போனார்.

இரண்டு பெண்களும் மிஞ்சினார்கள்.

“ஒரே கூரைக்குக் கீழ இத்தன வருஷம். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“நீங்க ஒருநாளும் கேக்கலியே, மிஸ்.”

அடிலெய்ட் ஜன்னல் வழியே பார்த்தாள். இரும்பு வேலிக்குள் அவள் குடும்பத்துப் பளிங்குக் கல்லறைகள் இருந்தன. அந்தக் கல்லின் மேல் யாரும் ஒரு சொட்டு ஊற்றியதில்லை.

“எனக்கு யாரு ஊத்துவா, வெரோனா?”

“நான் இருந்தா நான்.”

“நீ முன்னாடி போயிட்டா?”

“அப்ப நீங்க வந்து எனக்கு ஊத்துங்க.” வெரோனா எழுந்து கோப்பைகளை அடுக்கினாள். “ரம் வேணாம். எலுமிச்சந்தண்ணி போதும்.”

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாரும் ஒளிந்து நின்று அழ வேண்டாம். உங்கள் மேசையில் ஒரு நாற்காலியும் வெறுமையாய்க் கிடக்க வேண்டாம். உங்கள் பெயரை வாய் நிறையச் சொல்லிக் கூப்பிட எப்போதும் ஒருவர் இருக்கட்டும். நன்றாய் இருங்கள்.