ஒற்றைக் கொலுசு

அந்தப் பேருந்தின் ஷட்டருக்கும் ராபர்ட்டுக்கும் ஏழாம் பொருத்தம். சிதம்பரத்தில் ஏறியதிலிருந்து இழுத்துப் பார்க்கிறான்... அசைவேனா என்கிறது. சாரலில் பாதிச் சட்டை நனைந்துவிட்டது.

முன்சீட்டுப் பெண் திரும்பினாள். ஷட்டரின் மூலையில் ஒரு தட்டு. பொத்தென்று இறங்கிவிட்டது!

மை லேசாகக் கலைந்த கண்கள்... இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. பையன் நன்றி சொல்லவே மறந்துபோனான்.

அந்த நேரம் பார்த்தா செல்போன் அடிக்க வேண்டும்? அப்பா ராஜவேல். சேத்தியாத்தோப்பைத் தாண்டி, வெள்ளாற்றங்கரையில் இருக்கும் ஆத்தோர மாதா கோயிலின் திருவிழாக் கமிட்டித் தலைவர். தேர் கிளம்பும் முன் மைக்கில் கோயில் கதை சொல்ல, சிதம்பரத்தில் வாத்தியாராக இருக்கும் மகனைத்தான் இந்த வருஷம் பிடித்திருந்தார்.

"எல்லாம் ரெடிப்பா. ஒண்ணுதான் இடிக்குது... மாதா கையில இருக்கிற கொழந்தை கால்ல ஏன் ஒத்தக் கொலுசு? இன்னொண்ணை மேலத்தெருக்காரங்க திருடிட்டாங்கன்னு சொல்றாங்களே, அதையே சொல்லிடவா?" என்றான் ராபர்ட்.

முன்சீட்டு மறுபடி திரும்பியது. இப்போது அந்தக் கண்களில் மழை இல்லை, இடிதான்.

"யாரு சார் திருடுனது?"

"எனக்கு எப்படிங்க தெரியும்..."

"தெரியாததைத்தான் மைக்கு போட்டு சொல்லப்போறீங்களா? அந்தக் கொலுசு எங்க வீட்டு சாமி மாடத்துல இருக்கு."

"அப்ப... திருடுனது நெசந்தானா?"

நாக்கில் சனி என்பார்களே, அது அன்றைக்கு ராபர்ட்டின் நாக்கில்தான் உட்கார்ந்திருந்தது.

"மேலத்தெரு சடையப்பன் மக காயத்ரி. தைரியம் இருந்தா வீட்டுக்கு வந்து கேளுங்க."

சொல்லிவிட்டு, ஊர் வந்ததும் குடையில்லாமல் கொட்டுகிற மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

அன்று ராபர்ட்டுக்குச் சோறு இறங்கவில்லை. ஆவல்... கொலுசைப் பற்றியா, கொலுசுக்காரியைப் பற்றியா? இரண்டும்தான், மறைப்பானேன். சடையப்பன் வீட்டைப் பற்றி அப்பாவைப் பிடித்துக் கேட்டான்.

"அவுங்க வீட்டுப் பொடவைதான் மாதாவுக்கு மொதல்ல சாத்துவாங்க," என்றார் ராஜவேல். "தாம்பூலத் தட்டோட போய் அழைக்கணும். நான் தலைவரான வருஷம் வேலை ஜாஸ்தி. டீக்கடையில நோட்டீசைக் குடுத்தனுப்புனேன். அதுக்குக் கோவிச்சிக்கிட்டு வரதில்லை. நான் போய் நிக்கணுமா?"

"அவுங்களைத் திருடன்னு ஊரு பேசுதே. நீங்க ஏம்ப்பா மறுக்கலை?"

ராஜவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு மேலத்தெருவில் நின்றான் ராபர்ட். கதவைத் திறந்த காயத்ரியின் கண்கள் ஒரு கணம் விரிந்து... சட்டென்று தாழ்ந்தன. தைரியம் இருக்கத்தான் இருக்கிறது என்று அவள் நினைத்தது அவனுக்கு எங்கே தெரியும்!

"உங்கப்பா வரலியா தம்பி?" என்றார் சடையப்பன்.

"நான் வந்திருக்கேங்க ஐயா. அழைக்கவும், மன்னிப்பு கேக்கவும். கொலுசுக் கதையை நீங்க வந்து சொல்லணும். நீங்க சொல்லாம நான் மைக்கைத் தொட மாட்டேன்."

அவர் தட்டைத் தொடவுமில்லை, தள்ளவுமில்லை.

திருவிழா அன்று தேர் ஜோடித்து நின்றது. சனம் நின்றது. மைக் முன்னால் ராபர்ட் வாயே திறக்காமல் நின்றான். "ஆரம்பிடா" என்று அப்பா பல்லைக் கடித்தார். அவன் பார்வை மேலத்தெரு முனையிலேயே இருந்தது... வருவாளா?

வந்தாள். கையில் புடவைத் தட்டு, அதன் மேல் கறுத்துப்போன ஒரு குட்டிக் கொலுசு. பின்னால் சடையப்பன். கூட்டம் விலகியது. ராஜவேல் மகனைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே நடந்தார்.

"தப்பு என்மேலதான். வாங்க மச்சான்."

ராபர்ட் மைக்கைக் காயத்ரியிடம் நீட்டினான். சடையப்பன் தலையசைக்க, அவளே சொன்னாள்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டி விருத்தாம்பாள். ஜொரத்துல கெடந்த கொழந்தையோட அக்கரை வைத்தியர்கிட்ட போக இந்தக் கரையில நின்னாங்க, ஆத்துல வெள்ளம். நீலப் பொடவை கட்டுன ஒரு அம்மா வந்து, கொழந்தையைத் தோள்ல போட்டு, இவுங்க கையையும் புடிச்சி அக்கரை சேர்த்தாங்களாம். திரும்பிப் பார்த்தா ஆளைக் காணோம். கொழந்தை கால்ல ஒரு கொலுசையும் காணோம். மறுநாள் வெள்ளம் வடிஞ்சி திரும்பி வந்து, இங்க கீத்துக்கொட்டாய்ல இருந்த மாதாவைப் பார்த்தா, பொடவை ஈரம்... யேசு பாலன் கால்ல அந்தக் கொலுசு. கழட்டித் தரேன்னாங்க. எங்க பாட்டி வாங்கலை. ஒண்ணு அவ புள்ளைக்கு, ஒண்ணு எம்புள்ளைக்குன்னுட்டாங்க."

திருட்டுக் கதை பேசியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு புடவை சாத்தி, வடம் பிடித்து, தேர் அசைந்தது... மழையும் பிடித்துக்கொண்டது.

பந்தல் ஓரம் ஒதுங்கியவள் பக்கத்தில் போய் நின்றான் ராபர்ட்.

"காயத்ரி... பஸ்ல உங்களைப் பார்த்ததுலேர்ந்து மனசு எங்கிட்ட இல்லை. திரும்பவும் தட்டோட வரட்டுமா? எங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு. இந்த வாட்டி பொடவைக்கு இல்லை... உங்களைக் கேட்டு."

அவள் கொலுசைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். சாமி வேற, தெரு வேற, அப்பா என்ன சொல்வாரோ... எல்லாம் அந்தக் கண்களில் ஓடியது. கடைசியில் சிரிப்புதான் ஜெயித்தது.

"உங்கப்பாவே வரணும். டீக்கடையில நோட்டீஸ் குடுத்தனுப்பினா எங்கப்பா வர மாட்டாரு... நானும் வர மாட்டேன்."