பத்தரை மணிக் குதிரைக்காரன்

கேம் கன்ட்ரோலரில் சார்ஜ் முழுதாக இருந்தது. தெய்வசிகாமணியை முதலில் உறுத்தியது அதுதான்.

மகன் விக்ரம் இறந்து நூற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கருவடிக்குப்பத்து வீட்டின் மாடியறையில் அவன் கழற்றிப் போட்ட ஜீன்ஸ் இன்னும் நாற்காலியில் கிடந்தது. கட்டில், டிவி, கறுப்பு கேம் பெட்டி எல்லாவற்றின்மேலும் கடற்காற்று கொண்டுவந்த பிசுபிசுப்பான தூசி படிந்திருந்தது. கன்ட்ரோலர்மேல் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. எடுத்துப் பொத்தானை அழுத்தியதும் நான்கு சின்ன விளக்குகள் எரிந்தன. நல்ல பேட்டரி போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மகனைத் தெரிந்துகொள்ள அவன் ஆடிய அந்த கேமைத் தவிர அவருக்கு வேறு வழியும் இல்லை. பத்தொன்பது வயதுப் பையனோடு கடைசி இரண்டு வருஷம் அவர் பேசியதெல்லாம் அதட்டல்தான். அவன் யார், எதற்குச் சிரிப்பான், எதற்குப் பயப்படுவான் என்று யாரைக் கேட்பது? மனைவி அமுதவல்லி காரியம் முடிந்த நாளிலிருந்து அவரோடு பேசுவதில்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள். மாடிப்படிப் பக்கம் திரும்புவதுகூடக் கிடையாது. ஓய்வுபெற்ற பிறகு முதலியார்பேட்டையில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் காலையில் மட்டும் வேலை பார்த்தார். ஒரு மணிக்கு வீடு திரும்பினால், கடைகளெல்லாம் இழுத்து மூடி ஊரே படுத்துக் கிடக்கும் அந்த நாலு மணிவரையிலான நேரத்தை என்ன செய்வதென்று தெரியாது.

விக்ரமின் நண்பன் நுஃமான், முல்லா வீதிப் பையன், போனில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான்.

"இடது கட்டைவிரல்ல நடங்க அங்கிள், வலது கட்டைவிரல்ல பாருங்க. அவ்ளோதான். எங்க வேணா போலாம், யாருகிட்ட வேணா பேசலாம். நீங்க செய்யறதெல்லாம் அந்த ஊரு ஞாபகம் வச்சிக்கும்."

"முடிவு எப்படி?"

"மோசமா இருக்கும் அங்கிள். நல்லவனா ஆடினாலும் சரி, கெட்டவனா ஆடினாலும் சரி, கடைசில நாம ஆட்டற குதிரைக்காரன் செத்துடுவான். விக்ரம் அதுக்காகவே கடைசி வேலைய ஆடாம வுட்டுட்டான். மேப்ல தெக்கால சிவப்பா ஒரு புள்ளி இருக்கும். அந்தப் பக்கம் போவாதீங்க."

தெய்வசிகாமணி அந்தப் பக்கம் போகவே இல்லை.

முதல் நாள் குதிரைக்காரன் சுவரில் முட்டி நின்றான், ஆகாயத்தைப் பார்த்து நடந்தான், ஓடையில் விழுந்தான். மகன் செதுக்கி வைத்திருந்த உடம்பு அது. ஒடிசலாக, லேசாகக் கூன்போட்ட தோளோடு, அச்சாக விக்ரம் நடப்பதுபோலவே நடந்தது. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. பிறகுதான் அந்த உலகம் அவரைப் பிடித்தது. மழை நின்றபின் சேற்றில் குளம்படிக் குழிகளில் தண்ணீர் தேங்கி அதில் மேகம் நகர்ந்தது. சதுப்பு நிலத்து நாணல் காற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து, காற்று நின்றதும் தாமதமாக நிமிர்ந்தது. ஒரு கொல்லன் காலையில் கடை திறந்து, உச்சிவேளையில் நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்று, சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அதே சந்து வழியாக வீட்டுக்குப் போனான். யாரும் பார்க்காவிட்டாலும் போவான் என்று தோன்றியது. ஜன்னல் வழியே வந்த மீன்வாடை டிவிக்குள்ளிருந்து வருவதாக நினைத்து அவர் மூக்கைச் சுளித்த நாளும் உண்டு.

ஆனால் அந்த ஊர்க்காரர்கள் குதிரைக்காரனைப் பார்த்து ஓடினார்கள்.

தெருவில் நுழைந்ததும் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்தார்கள். கொல்லன் சுத்தியலைக் கையில் இறுக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் நகர்ந்தான். ஒருத்தி கிணற்றடியிலிருந்து காறித் துப்பினாள். தெய்வசிகாமணிக்கு முதலில் வந்தது ஒருவிதத் திருப்தி. நான் சொன்னது சரிதான், உருப்படாத பயல் என்று நினைத்தார். நினைத்த உடனே வெட்கமாகிவிட்டது. மகன் கெடுத்ததைத் தான் சரிசெய்வதென்று முடிவெடுத்தார். திருடர்களிடமிருந்து வண்டிகளைக் காப்பாற்றினார். வேட்டையாடிய மானைக் கொண்டுபோய் வாசல்களில் போட்டார். கிணற்றடிப் பெண்ணுக்குக் காணாமல் போன கழுதையைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். அவள் தலையாட்டிச் சிரித்தபோது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

மறுநாள் மத்தியானம் அந்தக் கழுதை கிணற்றடியில் வெட்டுப்பட்டுக் கிடந்தது. பெண்ணைக் காணோம். வாசல் கதவில் கரி.

அவர் மறுபடியும் ஆரம்பித்தார். அடுத்த நாள் கொல்லன் கடை எரிந்திருந்தது. அதற்கடுத்த நாள் சந்தில் நாய்கூட இல்லை. அவர் மத்தியானம் கட்டியதை யாரோ மறுநாள் மத்தியானத்துக்குள் நிதானமாக, ஒன்றுவிடாமல் இடித்துக்கொண்டிருந்தார்கள். மிஷின் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, குடியிருப்பே இல்லாத வடக்குப் பக்கமாகக் குதிரையைத் திருப்பினார்.

வடக்கே, மேப் முடிகிற இடத்தில், ஒரு வீடு இருந்தது.

மரமும் கல்லுமாக இருக்கும் அந்த உலகத்தில் அது மட்டும் சிமென்ட் வீடாகத் தெரிந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த கிரில். இடதுபக்கம் ஏறும் மாடிப்படி. மூன்றாவது படியில் ஓரம் உடைந்திருந்தது. அவர் இப்போது உட்கார்ந்திருக்கும் வீட்டிலும் மூன்றாவது படியில் ஓரம் உடைந்திருக்கிறது. கட்டைவிரல் வழுக்கியது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

உள்ளே சாமான் எதுவும் இல்லை. சமையலறை இருக்க வேண்டிய இடத்தில் தரை பிளந்து கீழே படிகள் இறங்கின. குதிரைக்காரனின் கையில் விளக்கு தானாக எரிந்தது. ஈரச்சுவர். எங்கோ சொட்டும் தண்ணீர். சங்கிலி உரசும் சத்தம், நின்று, மறுபடியும் உரசும் சத்தம். பத்துப் படி. பன்னிரண்டு. கீழே ஒரு குழி, குழிக்குள் சுவரோடு கட்டப்பட்டு ஒரு மனிதன்.

முன்வழுக்கை. தடித்த மீசை. மூக்குக் கண்ணாடி, ஒரு பக்கம் விரிசல்.

குதிரைக்காரனைக் கண்டதும் அந்த மனிதன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு சுவராக ஒடுங்கினான். தலைக்குமேலே வெள்ளை எழுத்தில் அவன் பெயர் மிதந்தது. இங்கிலீஷில்தான். நாலே எழுத்து.

அப்பா.

தெய்வசிகாமணி பூட்டைத் திறக்கப் பார்த்தார். எல்லாப் பொத்தானையும் அழுத்தினார். சாவி உன்னிடம் இல்லை என்றது திரை. குழிக்குள் அந்த மனிதன் நடுங்கிக்கொண்டே இருந்தான். அடி வாங்கிப் பழகியவன் நடுங்குகிற நடுக்கம்.

அவர் நினைக்காமல் தள்ளி வைத்திருந்த இரவு அப்போது வந்தது. சாப்பாட்டு நேரத்தில் சண்டை. விக்ரம் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். பத்து மணிக்கு அவன் நம்பரிலிருந்து போன் வந்தது. "அடிக்கட்டும், திமிரு எறங்கட்டும்" என்று சொல்லி அவர் கட் செய்தார். மறுபடி வந்தது. கட் செய்தார். மூன்றாவது தடவை போனையே அணைத்தார். இ.சி.ஆர். சாலை ஓரத்தில், பைக் இடுப்பின்மேல் கிடக்க, பையன் நாற்பது நிமிஷம் உயிரோடு இருந்திருக்கிறான்.

அதற்கு முன்பே என்னை இப்படிக் கட்டிப்போட்டுத்தான் வைத்திருந்தானா? நுஃமானைப் போனில் கூப்பிட்டார்.

"வீடா?" என்றான் நுஃமான். "அவன் வீடே கட்டல அங்கிள். கட்டலாம், ஆளு வச்சிக்கலாம், மூஞ்சிகூட நம்ம இஷ்டத்துக்கு செதுக்கலாம். ஆனா அவன் குதிரையிலயே திரிஞ்சிட்டு இருப்பான். ஊருக்குள்ள போனா பசங்க பின்னாலயே ஓடி வருவாங்க. அவ்ளோ நல்ல பேரு அவனுக்கு."

"எல்லாரும் ஓடி ஒளியறாங்களே தம்பி."

"வேற யாராவது ஆடறாங்களா? நெட்ல வந்து ஆட முடியாது அங்கிள், இது ஒத்த ஆளு ஆடறது. வீட்ல பொட்டி முன்னால உக்காந்தாத்தான். மெனுல போயி பழைய ஆட்டம்னு ஒரு லிஸ்ட் இருக்கும், தேதி டைமெல்லாம் இருக்கும், பாருங்க."

பார்த்தார். மத்தியானம் இரண்டு, இரண்டேகால், இரண்டு. அவை அவருடையவை. நடுவில் மற்றவை. காலை 10.30. காலை 10.30. காலை 10.30. ஞாயிறு நீங்கலாக ஒரு நாள்கூடத் தவறாமல், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளிலிருந்து.

அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது ஒரே ஒருத்தி.

அன்று ராத்திரி அமுதவல்லி சோறு வைத்தபோது அவள் விரல்களைப் பார்த்தார். குழம்பு ஊற்றும்போது கரண்டி ஆடவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்றிருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டுப் பத்து மணிக்கே கிளம்பினார். கருவடிக்குப்பம் வந்து சேரும்போது வெயில் தெருவைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்தினார். வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கூடத்தில் மின்விசிறி ஆளில்லாமல் சுற்றியது. அடுப்பு அணைந்திருந்தது. மேலேயிருந்து குளம்புச் சத்தம் கேட்டது. மெதுவாக. சேற்றில். பிறகு கல்மேல். பிறகு நின்றது.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

அறைக் கதவு திறந்திருந்தது. ஜன்னலைச் சாத்தியிருந்தாள். கட்டில் ஓரத்தில், டிவி வெளிச்சத்தில், அமுதவல்லி உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். மடியில் தட்டு. ஒரு கையில் கத்தி, ஒரு கையில் காய். கண் திரையில்.

கன்ட்ரோலர் மேஜைமேல் கிடந்தது. நான்கு விளக்கும் எரிந்தன. பக்கத்தில் யாரும் இல்லை.

திரையில் குதிரைக்காரன் பச்சைக் கிரில்லைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

"அமுதா."

அவள் திரும்பவில்லை. "வந்துட்டீங்களா," என்றாள். மூன்று மாதத்துக்கும் மேலாக அவர் கேட்காத குரல். கோபமே இல்லை அதில். "சத்தம் போடாதீங்க. சத்தம் போட்டா நின்னுடுவான்."

"யாரு... யாரு ஆடறது?"

"நான் ஆடல. எனக்கு அதெல்லாம் இன்னா தெரியும்? நான் சார்ஜ் போட்டு வெப்பேன், சுவிட்ச் போடுவேன். பத்தரைக்கு அவனே வருவான்." ஒரு காயை நுனி கிள்ளினாள். "மொதல்ல சும்மா சுத்திட்டு இருந்தான். அப்புறம் வூடு கட்டினான். ஒவ்வொரு கல்லா. நான் பாத்துட்டே இருந்தேன்."

"அமுதா, ஆஃப் பண்ணு அத."

"நீங்க ஆஃப் பண்ணுங்களேன். ஒங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

அவர் மேஜைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். திரையில் குதிரைக்காரன் நின்றான். தலையை மட்டும் திருப்பினான். அந்த உலகத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார், யாரும் திரைக்கு வெளியே பார்த்ததில்லை. இவன் பார்த்தான். கூன்போட்ட தோளுக்கு மேலாக. நேராக. அவர் காலை இழுத்துக்கொண்டார். குதிரைக்காரன் திரும்பிப் படி இறங்கத் தொடங்கினான்.

விளக்கு. ஈரச்சுவர். பத்துப் படி. பன்னிரண்டு.

சங்கிலிச் சத்தம் இல்லை.

குழி காலியாக இருந்தது. தரை கழுவிவிட்டதுபோல ஈரமாக இருந்தது. சங்கிலி சுற்றி ஒழுங்காக ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. பூட்டு திறந்து கிடந்தது.

"அந்த ஆளு எங்க?" அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"போயிட்டான்," என்றாள் அமுதவல்லி. "அது சும்மா மாதிரிக்கு செஞ்ச ஆளு."

குதிரைக்காரன் குழியின் ஓரத்தில் விளக்கை வைத்தான். உட்கார்ந்தான். படியை நோக்கி முகத்தைத் திருப்பிக் காத்திருந்தான்.

தெய்வசிகாமணி கதவைப் பார்த்தார். பக்கம்தான். நாலு அடி. காலை நகர்த்தினார். நகரவில்லை. மறுபடி. உள்ளங்காலில் சில்லென்று ஏதோ. மொசைக் தரை இல்லை. சொரசொரப்பு. ஈரம்.

குனிந்து பார்க்கப் பயந்து திரையைப் பார்த்தார்.

படியின் உச்சியில் ஓர் ஆள் வந்து நின்றிருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. பின்தலையில் நரை. காலையில் அவர் இஸ்திரி போட்டு உடுத்திய அதே நீலக் கட்டம் போட்ட சட்டை, முதுகில் வேர்வை நனைந்து ஒட்டியிருந்தது. வெறுங்கால்.

அவர் மூச்சை அடக்கினார். அந்த ஆளின் தோளும் அடங்கியது.

கத்தி காயை அரியும் சத்தம். சதக். சதக்.

"அமுதா," என்றார். கட்டிலிலிருந்து பதில் வரவில்லை. கீழே, இருட்டிலிருந்து, எதிரொலி வந்தது.

குதிரைக்காரன் எழுந்தான். குழிக்கு இறங்கும் வழியை விட்டு, மரியாதையாக, ஓர் ஓரமாக ஒதுங்கி நின்றான்.

நீலச் சட்டைக்காரன் முதல் படியில் காலை வைத்தான்.