இரைச்சல் நீக்கம்

பதிவுக்குள் குழந்தை அழுதது. அது கேட்க வழியே இல்லை.

டீச்சர் மைக்கை அணைத்திருந்தாள். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள் அவள். திரையில் தான் செய்வதை முதலில் வீடியோவாகப் பிடிப்பாள்; கூடவே கணினிக்குள் எழும் ஒலியை மட்டும் எடுப்பாள். தன் குரலைக் குழந்தை தூங்கும்போது தனியே பேசிச் சேர்ப்பாள். அறையில் இடியே விழுந்தாலும் முதல் பதிவில் ஏறாது.

ஏறியிருந்தது.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி கேட்டாள். மென்பொருளின் சிறு மணியோசைகளுக்கு அடியில், தூரத்துக் குழாயில் நீர் ஏறுவதுபோல மெல்லத் தொடங்கி, மூச்சுத் திணறி, விக்கி, பின் வீறிட்டு எழும் அழுகை. அவள் குழந்தைதான். அந்த விக்கல் வேறெந்தக் குழந்தைக்கும் கிடையாது.

பக்கத்து அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அங்கே அமைதி. தூங்குகிறது.

கணவனுக்குப் போன் போட்டாள். அவன் வேலை நடுவே சிரித்தான்.

"உன் லேப்டாப்புக்கும் கொஞ்சம் பால் குடுத்துப் பாரேன்."

மைக்கைத் திரும்பப் பார்க்கச் சொன்னான். பார்த்தாயிற்று என்றாள். பழைய பதிவு ஏதாவது பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் என்றான்.

"குட்டி எழுந்துட்டாளா?"

"தூங்குறா."

"வரவர சமத்தாயிட்டா, பாத்தியா? ஒரு வாரமா ராத்திரிகூடச் சத்தமே இல்ல."

போனை வைத்த பிறகுதான் அது உள்ளே இறங்கியது. ஒரு வாரம்.

போன வாரம்தான், குரல் சேர்க்கும்போது குழந்தை விழித்துவிட்டதில், பாடத்துக்குள் அழுகை புகுந்துவிட்டதாக மாணவர்கள் குறை சொன்னார்கள். இன்னொரு தடவை என்றால் வகுப்பு வேறு ஆளுக்குப் போகும் என்று மேலாளர் சிரித்தபடியே சொல்லிவைத்தார். அன்று அவள் இரைச்சல் நீக்கும் கருவியைத் திறந்தாள். எது இரைச்சல் என்று அதற்கு ஒரு துண்டு கேட்கக் கொடுக்க வேண்டும். கற்றுக்கொண்டு, அதைப்போல் உள்ளதையெல்லாம் துடைத்துவிடும். மின்விசிறியின் உறுமலைக் கொடுப்பதுதான் வழக்கம். அவள் அழுகையைக் கொடுத்தாள். சுவடில்லாமல் போயிற்று. அன்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினாள்.

அழுகை நிற்கவில்லை.

எழுந்த வேகத்தில் ஹெட்போன் ஒயர் கழன்றது. அழுகை ஸ்பீக்கரில் வந்தது. இப்போது வீடு முழுக்க.

பக்கத்து அறையில் பால் வாடை, ஈரத்துணி வாடை. தொட்டில்மேல் ஜன்னல் கம்பிகளின் நிழல். குழந்தை விழித்திருந்தது. முகம் செக்கச்செவேல். வாய் முழுக்கத் திறந்திருந்தது. தொண்டை துடித்தது. கண்ணீர் காதோரம் வழிந்து விரிப்பு நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக? எத்தனை ராத்திரி?

அதன் வாயிலிருந்து சத்தமில்லை.

வாரி எடுத்தாள். சின்ன விலா அவள் கைக்குள் ஏறி இறங்கியது.

"அழாதடி கண்ணு. அம்மா வந்துட்டேன்."

அடங்கவில்லை. தோளில் போட்டுத் தட்டினாள். அழுகை வெறும் சூடான காற்றாக அவள் கழுத்தில் அடித்தது. கதவுக்கு அப்பால் ஸ்பீக்கர் வீறிட்டது.

அப்புறம், அதே ஸ்பீக்கரில், யாரோ "ச்சூ" என்றார்கள்.

பெண் குரல். பொறுமையான குரல். கூடவே முதுகில் கை தட்டும் மெத்தென்ற ஓசை. பழகிய கை.

"ச்சூ... ச்சூ..."

விக்கல் தேய்ந்தது. நின்றது.

தோளில் குழந்தையின் வாய் மூடிக்கொண்டது.

"கண்ணு," என்றாள்.

குழந்தை அவளைப் பார்க்கவில்லை. கதவிடுக்கில் தெரிந்த திரையைப் பார்த்துச் சிரித்தது. இரண்டு கைகளையும் நீட்டி, வளர்த்தவளிடம் தாவுவதுபோல், உடம்பை முன்னால் எறிந்தது.