பேட்டரி இல்லாத குரல்

"நைனா... போனு! போனெடு நைனா!"

குழந்தையின் குரல்!

கேட்டது குழந்தையிடமிருந்து அல்ல. செத்துப்போன கைபேசிகளின் குவியலுக்குள்ளிருந்து!

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. 'மறுபிறவி ரீசைக்ளிங்' கொட்டகை. தகரக் கூரையை நண்பகல் வெயில் தகித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், மேசைகளில் அமர்ந்திருந்த பெண்களின் கைகள் அப்படியே உறைந்தன.

கன்னியம்மா வீறிட்டாள்.

"ஐயோ... அது பென்னியோட ரிங்டோனுடீ! அவன் பொண்ணு குரலு!"

பென்னி!

பெரிய நிறுவனங்கள் கழித்துக் கட்டிய ஹார்ட் டிஸ்க்குகளை அரைத்துத் தூளாக்கும் இயந்திரம் அவன் பொறுப்பில் இருந்தது. போன மாதம் காணாமல் போனான். டிஸ்க்குகளைத் திருடிக்கொண்டு ஆந்திராவுக்கு ஓடிவிட்டான் என்றார் முதலாளி பூவராகவன்.

ஊர் நம்பியது. பணம் படைத்தவன் வாயிலிருந்து வருவதை நம்புவதற்கு ஊருக்கு என்றுமே சாட்சி தேவைப்பட்டதில்லை!

நம்பாதவள் ஒருத்தி... அவன் மனைவி பிரின்சி.

அவளுக்கும் அங்கேதான் வேலை. முதல் மேசை. வருகிற கைபேசிகளின் பேட்டரியைக் கழற்றி, 'பேட்டரி நீக்கப்பட்டது' என்று சீட்டு ஒட்டிக் குவியலில் போட வேண்டும். கொட்டகையில் அவள் திருடன் பொண்டாட்டி. பள்ளியில் அவள் மகள் திருடன் பொண்ணு. அந்த ஒரு சொல்லைத் துடைப்பதற்காகவே அவள் உயிரோடிருந்தாள்.

அலறல் கேட்டுப் பூவராகவன் ஓடி வந்தார்.

"இன்னா சத்தம் இங்க?"

"பென்னி போன் அடிச்சிது சார்! அந்தக் குவியல்ல!"

"லூசா நீ? பேட்டரி இல்லாத போன் எப்டி அடிக்கும்?"

"ஆவிக்கு எதுக்கு சார் பேட்டரி?"

அவரே குவியலைக் கிளறினார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாவற்றிலும் சீட்டு... எல்லாவற்றிலும் சீட்டு!



மறுநாளும் அந்தக் குரல் அழைத்தது. அதற்கடுத்த நாளும்! வேலைக்கு வரும் பெண்கள் பாதியாகக் குறைந்தார்கள். டிஸ்க்குகள் ஒழுங்காக அழிக்கப்படுகின்றனவா என்று பார்க்க, ஒரு பெரிய நிறுவனத்தின் தணிக்கைக் குழு வேறு அந்த வாரம் வருவதாக இருந்தது.

கொட்டகையின் பின்புறம் புதிதாக ஒரு சிமெண்ட் மேடை. ஜெனரேட்டருக்காகக் கட்டியது. ஜெனரேட்டர் இன்னும் வரவில்லை; மேடை மட்டும் வந்திருந்தது. அதன்மேல் வேப்ப நிழல். பிரின்சி அங்கே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

"ஏய்! அங்க உக்காராதன்னு எத்தினி தபா சொல்றது?" பூவராகவன் கத்தினார்.

"நெழலு கீதே சார்..."

"எழுந்திரு மொதல்ல! ஆமா... அந்த போன் சத்தம்... உனக்கு பயமா இல்லியா?"

"எங்க ஊட்டுக்காரரு ஆவியா இருந்தா எதுக்கு சார் பயம்? நானு அவர இன்னா பண்ணேன்?"

பூவராகவனின் பார்வை மேடைக்குத் தாவியது.

பிரின்சி மெல்லச் சொன்னாள்: "ரொம்ப பேஜாரா இருந்தா... கவரைப்பேட்டையில ஒரு சாமி கீறாரு சார். ஆவியக் கட்டுறதுல கில்லாடி."

ஆங்கிலத்தில் கையொப்பமிடும் கரம் பூவராகவனுடையது. ஆனால் அந்த மணிக்கட்டில் இப்போது கறுப்புக் கயிறு!

சாமி வந்தார். தாடி, ஜடை, சாம்பல். அலுவலக அறையின் கதவு சாத்தப்பட்டது. எலுமிச்சம்பழம் பிளக்கப்பட்டது.

"கட்டிடலாம் நைனா. ஆனா, அவன் கெடக்குற எடத்து மண்ணு ஒரு புடி வேணும்."

"அ... அவன் ஆந்திராவுல..."

"ஆந்திராவுல கீறவன் இங்க வந்து இன்னாத்துக்குக் கூவுறான்? எங்கிட்டயே பொய்யா? நான் கெளம்புறேன். நீயாச்சு, அவனாச்சு!"

சாமி எழுந்தார். அந்தக் கணம்... கதவுக்கு வெளியே...

"நைனா... போனு! போனெடு நைனா!"

மனிதனைக் கொல்ல அஞ்சாத நெஞ்சம், இல்லாத ஆவிக்கு அஞ்சி நடுங்கிற்று! மறுபிறவி செம்புக்கு உண்டு, தங்கத்துக்கு உண்டு, மனிதனுக்கு இல்லை. அதைப் பெயர்ப்பலகையில் எழுதி வயிறு வளர்த்தவருக்கே அது விளங்கவில்லை!

பூவராகவன் சாமியின் காலைப் பிடித்தார்.

"மண்ணு இல்ல சாமி... சிமெண்ட்டு!"

"இன்னாது?"

"ஜெனரேட்டர் மேடை... அதுக்கு அடியில..."

"எதுக்குடா செஞ்சே?"

"டிஸ்க்கையெல்லாம் அரைச்சாச்சுன்னு சீட்டு ஒட்டிட்டு, முழுசா வெளிய வித்தேன் சாமி. கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லிடுவேன்னு பென்னி நின்னான். புடிச்சித் தள்ளினேன். மெஷின் விளிம்புல தலை மோதி..."

சாமி தாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மண்ணு வேணாம். சிமெண்ட்டே போதும்."

"சா... சாமி?"

"சப்-இன்ஸ்பெக்டர் தேசப்பன். போன வாரந்தான் மாத்தலாகி வந்தேன், பிரின்சியோட புகாரு எங்கிட்டதான் வந்திச்சு. இந்த ஜடை இன்னா அரிப்புய்யா!"

கதவு திறந்தது. பிரின்சி நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

ஜன்னல் வழியே அந்த மேடை தெரிந்தது. தினமும் அவள் உட்கார்ந்து சோறு தின்ற மேடை! சந்தேகம் அவளுக்கு முன்பே இருந்தது. ஆனால், சந்தேகம் உண்மையாகிற கணத்தைத் தாங்க எந்த நெஞ்சாலும் பழகிக்கொள்ள முடிவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சார்... எம் பொண்ணோட நைனா திருடன் இல்ல. அத மொதல்ல எழுதிக்குங்க."

"எழுதிக்கினேன்மா," என்றார் தேசப்பன். 

விலங்கு மாட்டிய கைகளோடு பூவராகவன் பிதற்றினார்.

"அப்போ... அந்தக் குரலு?"

பிரின்சி குவியலிலிருந்து ஒரு கைபேசியை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே கொழுத்த பேட்டரி! இடுப்பில் செருகியிருந்த தன் கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். உள்ளங்கையில் மகளின் குரல் கூவியது.

"நானே கெளறிப் பாத்தேனே! எல்லாத்துலயும் பேட்டரி எடுத்தாச்சுன்னு சீட்டு ஒட்டியிருந்திச்சே!"

பிரின்சி அந்தச் சீட்டை உரித்து, அவர் சட்டைப் பையின் மேல் ஒட்டினாள்.

"சீட்டுதானே சார்? ஒட்டுறத உங்ககிட்டதான் கத்துக்கினேன்!"