எட்வர்டின் டோன்

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டிய மண் பாதையில் நடந்தால் மூடிக் கிடக்கும் ஒரு வார்ப்படத் தொழிற்சாலை வரும். அதன் பின்பக்க ஷெட்டில்தான் எங்கள் மாலைநேர கிதார் வகுப்பு. நான் முதல்முறை போனபோது வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. உள்ளே மட்டும் இருட்டி, விளக்கு போட்டிருந்தார்கள். கரிமணலும் பழைய எண்ணெயும் கலந்த வாசனை. தலைக்கு மேலே டியூப்லைட் முனகிக்கொண்டிருந்தது.

அந்த முனகல் எனக்குப் பிடித்தது. பகலில் கும்மிடிப்பூண்டியில் மின்பலகை செய்யும் கம்பெனியில் ஒயரிங் சோதிப்பது என் வேலை. மின்சாரம் ஓடும் இடத்தில் சத்தமே இல்லையென்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

என்னை அங்கே கூட்டிப்போனவள் ஜெபா. நானும் அவளும் ஒரே அறையில் தங்கியிருந்தோம். செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடி திருகாணி முடுக்குகிறவள். கிதாரைத் தொட்டால் மட்டும் அந்த விரல்கள் வேறொருத்தியுடையவை. என் விரல்கள் எதையும் மூன்று முறை சரிபார்க்கும். அதற்குள் தாளம் போய்விடும்.

"நீ வாசிக்க லாயக்கில்லடி எர்த்து," என்பாள். நான் எதைத் தொட்டாலும் முதலில் எர்த் இருக்கிறதா என்று பார்ப்பதால் எனக்கு அந்தப் பெயர். "ஆனா ஒயரு, பெடலு, ஆம்ப்பு அல்லாம் உனக்குத்தான் தெரியும். நீ டோன் புடி, நான் வாசிக்கிறேன்."

பிடிக்க வேண்டியது எட்வர்டின் டோன், அவர் கிதாருக்கே உரிய குரல்.

எட்வர்ட் இந்தப் பக்கத்து ராக் கிதார்காரர். அதே ஷெட்டில் ஒரு கச்சேரியின் கடைசிப் பாட்டில், மேடையிலேயே மாரடைப்பில் இறந்துபோனார் என்று சொன்னார்கள். அவர் பக்கத்தில் பேஸ் கிதார் வாசித்துக்கொண்டிருந்தவர்தான் எங்கள் மாஸ்டர் எபினேசர். அந்தக் கச்சேரியின் பதிவை ஒவ்வொரு புது மாணவருக்கும் கண்ணை மூடச் சொல்லிப் போட்டுக் காட்டுவார். கடைசியில் ஒரு சுரம் வரும். நீளும். சாக வேண்டிய இடத்தில் சாகாமல் இன்னும் நீளும். அப்புறம் நெடுநேரம் கைதட்டல்.

"எத்தினியோ பசங்க வந்தானுங்க," என்றார் மாஸ்டர். "ஒருத்தனும் அந்தக் கடைசி நோட்டைக் கொண்டாரல. வருஷா வருஷம் அவன் செத்த தேதில வர்ற எட்வர்ட் நாள் அன்னிக்கு அதை வாசிக்கிறவங்கதான் நம்ம பேண்டுக்கு லீடு கிதாரு."

ஜெபாவுக்கு அது போதும். "லீடு கிடைச்சா லைன்ல நிக்கிறதுக்குக் கும்புடு போட்ருவேன்டி. காலு வீங்கிப் போவுது," என்றாள்.

நான் வேலையைத் தொடங்கினேன். எட்வர்ட் தடித்த கம்பிகள் போட்டு, டியூனிங்கை ஒன்றரை சுரம் கீழே இறக்கியிருந்தார்; இரண்டு வாரம் கழித்துத்தான் என் காதை நம்பினேன். சுரத்தைச் சிதைத்துத் தடிக்கவைக்கும் ஃபஸ் பெடலைப் பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் தேடி நானே பற்றவைத்தேன். வெயில் நாளில் அது கரகரக்கும், மழை வந்தால் இனிக்கும். பதிவு டிசம்பர் மாதத்தது என்பதால் பெடலை ஐஸ் பெட்டியில் வைத்துக் குளிரவைத்தும் பார்த்தேன். ஜெபா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் டோன் நெருங்கி வந்தது.

பிறகு மாஸ்டர், மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த எட்வர்டின் வால்வு ஒலிபெருக்கியை, அந்த ஆம்ப்பையே திறந்து கொடுத்தார். தூசி எரியும் வாசனையோடு வால்வுகள் சிவந்தன. ஜெபா ஒரு கம்பியைச் சுண்டினாள்.

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் வந்துவிட்டது. அந்தக் கடைசி சுரம் மட்டும் வரவில்லை. ஜெபா வாசித்தால் அது சாதாரணச் சுரம் போலச் செத்துவிடும்.

தப்பு என்னுடையதுதான் என்று நினைத்தேன். பதிவை செல்போனில் ஏற்றி, அலைவரிசை காட்டும் செயலியில் துண்டு துண்டாகப் பார்த்தேன். பாட்டு முழுக்க ஹம், அந்த மின்சார முனகல், இல்லை. அந்த ஷெட்டின் மட்டமான ஒயரிங்கில் ஹம் இல்லாமல் எந்த ஆம்ப்பும் பாடாது. கடைசி சுரத்துக்கு அடியில் மட்டும் ஒரு கோடு தெரிந்தது. ஐம்பது.

சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் துடிப்பு அது. என் மேஜையில் தினமும் பார்க்கிற எண்.

மறுநாள் ஆம்ப்பின் பிளக்கைத் திருப்பிப் பார்த்தேன். மேலே இருக்க வேண்டிய தடித்த எர்த் பின் இல்லை. யாரோ அறுத்து, அரத்தால் வழவழப்பாகத் தேய்த்திருந்தார்கள். ஹம் தொல்லைக்கு கிதார்காரர்கள் செய்கிற வைத்தியம் அது. ஹம் போய்விடும். ஆனால் ஆம்ப்பில் மின்கசிவு இருந்தால் கிதார் கம்பிகளில் மின்சாரம் நிற்கும். வாசிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, எர்த்தோடு இணைந்த இரும்பு மைக்கில் உதடு படும்வரை. பட்டுவிட்டால் கை கம்பியை விடாது. இறுகும்.

மாஸ்டரிடம் மெதுவாகக் கேட்டேன். "சார், கடைசி நோட்ல எட்வர்ட் மைக்கு கிட்ட போனாரா?"

அவர் பேஸ் கிதாரைத் துடைத்தபடியே இருந்தார். "அங்க மைக்குல வாய வெச்சுக் கூவுவான். அன்னிக்கு கூவல."

"அது மாரடைப்பு இல்ல."

"வாசிக்கிறத நிறுத்திட்டு நாங்க அல்லாரும் கை தட்டிக்கினு இருந்தோம்மா," என்றார். "அவன் சிரிக்கிற மாதிரி இருந்துச்சு. ரொம்ப நேரம் தட்டினோம்."

பதிவில் கைதட்டல் சுரத்துக்குப் பிறகு வருவதாகவே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது சுரத்தின் நடுவில் வருகிறது.

"பின்னை அறுத்தது யாரு சார்?"

"ஹம் வருது, ஹம் வருதுன்னு அவன்தான் பேஜாரு பண்ணான்." துணியை மடித்தார். "அரம் என்னுது."

அன்றே கசிவைச் சரிசெய்து, மூன்று பின் உள்ள புது பிளக் மாட்டினேன். கிதார் கம்பிக்கும் மைக்குக்கும் நடுவே டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரும்பவும் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆம்ப்பைப் போட்டதும் ஹம் வந்தது.

ஜெபா முகம் சுளித்தாள். "இன்னாடி இது, ஈ மொய்க்கிற மாதிரி? எட்வர்ட் அண்ணன் எங்க?"

"இந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் நீ உசுரோட இருக்கேன்னு அர்த்தம்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப மைக்கு கிட்டயே போவ மாட்டேன். போதுமா, எர்த்து?"

மாஸ்டர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழைய பிளக்கு எங்கம்மா?" என்று கேட்டார்.

"ஏரில போட்டுட்டேன் சார்." உண்மையிலேயே போட்டுவிட்டிருந்தேன்.

எட்வர்ட் நாள் அன்று மழை. விளக்கு வைக்கும் நேரத்துக்கே ஷெட் நிறைந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு வந்தவர்களின் வியர்வையும் ஈரத் துணியும் சேர்ந்து வீசின. நான் மேடைக்குப் பக்கத்தில், பிளக் மாட்டிய சுவரை ஒட்டி நின்றேன். ஜெபா நன்றாக வாசித்தாள். பாட்டுக்குப் பாட்டு நடுவில் ஹம் கேட்டது. கேட்கக் கேட்க எனக்கு மூச்சு சீராக வந்தது.

கடைசிப் பாட்டு. கடைசி வரி.

ஹம் நின்றது.

பிளக்கைப் பார்த்தேன். சுவரில் நேராகத்தான் இருந்தது.

ஜெபா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் கேட்கவில்லை என்று அவள் கண்ணில் தெரிந்தது. தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. ஆனால் அவள் கால்கள் மைக்கை நோக்கி நடந்தன. யாரோ பின்கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதுபோலத் தலை முன்னால் போனது.

உதடு பட்டது.

அந்தச் சுரம் வந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். அது என் கையில் இருந்தது. மூன்று பின்னும் இருந்தன; மேல் பின் தடியாக, புதுசாக மின்னியது. ஆம்ப்பின் விளக்கு அணைந்தது. வால்வுகள் கறுத்தன.

சுரம் நிற்கவில்லை.

ஜெபாவின் இடது கை கம்பிகளின் மேல் இறுகிக் கிடந்தது. பற்கள் தெரிந்தன. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கை தட்டியது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். மேடையில் ஏறி அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். என் உடம்பில் எந்த அதிர்ச்சியும் இல்லை. அவள் குளிர்ந்த இரும்பு போல அசையாமல் நின்றாள். மாஸ்டர் பக்கத்திலேயே பேஸ் வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடியிருந்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் ஜெபா விழுந்தாள்.

மின்சாரம் தாக்கியதுதான் என்று பொன்னேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மறுநாள் ஷெட்டைப் பார்க்க வந்த அதிகாரி தரையிலிருந்து பிளக்கை எடுத்து, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். மேல் பின் இல்லை. வழவழப்பாகத் தேய்த்திருந்தது.

"இதை யார் மாட்டினது?"

"நான்தான் சார். ஆனா மூணு பின்னும் இருந்துச்சு. என் கையில இருந்துச்சு."

ஜெபாவின் அம்மா அஞ்சம்மாள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. "நீ கூட இருக்கேன்னுதானே உட்டேன்," என்று மட்டும் சொன்னாள். மாஸ்டர் தன் பேஸ் கிதாரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விசாரணை இன்னும் முடியவில்லை. நேற்று மாஸ்டரிடமிருந்து செல்போனுக்கு ஒரு பதிவு வந்தது. கூடவே ஒரு குரல் செய்தி. "வந்துடுச்சும்மா. அப்படியே வந்துடுச்சு. அடுத்த வருஷம் புதுப் பசங்களுக்கு ஜெபா டோனு. நீதான் செட் பண்ணித் தரணும்."

பதிவை நான் திறக்கவில்லை.

இன்று வேலை முடிந்து வந்ததும், கம்பெனியில் ஒப்படைப்பதற்காக என் கருவிப் பையைக் கொட்டினேன். அதை யாரிடமும் கொடுத்ததில்லை. ஜெபாவின் கட்டில் காலியாக இருந்தது. இரும்பு பீரோவில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அரத்தை எடுத்தபோது விரலில் ஏதோ ஒட்டியது. வெளிச்சத்தில் காட்டினேன். அரத்தின் பற்கள் முழுக்க மஞ்சளாகப் பித்தளைத் தூள். இன்னும் சூடாக இருந்தது.

நான் தேய்க்கவில்லை. தேய்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பீரோவிலிருந்து முதுகை எடுக்கப் பார்க்கிறேன். முடியவில்லை.

டியூப்லைட் எரிகிறது. அதன் முனகல் நின்றுவிட்டது.